பருத்திமார்ப் புகை

பருத்திமார்ப் புகை முதலில் கண்ணைப் பிடிக்கும், பிறகு தொண்டையை அறுக்கும், கடைசியில் சேலை, தலைமயிர், சோறு என்று எதையும் விடாமல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பருத்தி எடுத்து முடிந்த செடிகளைப் பிடுங்கிக் காயவைத்து, கட்டுக்கட்டாக அடுக்கி, வருஷம் முழுக்க அடுப்பெரிப்பது பொட்டிப்புரத்தில் எங்கள் வீட்டு வழக்கம். நான் சொல்வது யுத்த காலம். ஜன்னல் இல்லாத எங்கள் "அடுப்பங்கரை"யில் ஆத்தா விடியுமுன் நுழைந்தால் பொழுதெல்லாம் புகைக்குள்ளேதான். இருமலும் அங்கேதான் அவளுக்கு வந்தது.

அந்த இருமலுக்கு ஊர் வைத்த பெயர் "காசம்". அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை, அந்தப் பெயரைக் கேட்ட அன்றே ஆத்தாவுக்குத் தட்டும் செம்பும் தனியாக ஒதுக்கிவிட்டாள். ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று பாயைக்கூட ஒதுக்கிய நாங்கள், வீடு முழுவதற்கும் வடித்துக் கொட்டும் வேலையை மட்டும் அவளிடமே விட்டிருந்தோம். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு வசதியான புத்தி எங்களுக்கு!

அக்காவைப் பெண் பார்க்க உத்தமபாளையத்திலிருந்து வந்தார்கள். காசமுள்ள வீடு என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுபோகும். அதனால் ஆத்தா தன் பிறந்த ஊரான வடுகபட்டிக்குப் போயிருப்பதாகச் சொல்வதென்று பேசிவைத்தார்கள். அவளோ அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே விருந்து சமைத்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே உரலருகில் என்னை நிறுத்தி, "ஏ புள்ள, ஒங்காத்தா இருமுனா ஒலக்கையப் போடு. வந்தவுக காதுல விழுகக் கூடாது" என்றாள் அத்தை.

புகைக்குப் போக வழியில்லை. ஆத்தா இருமினாள், நான் குத்தினேன். உரலில் போட்ட கம்பு மாவாகி, மாவு புழுதியாகியும் அவள் இருமல் நிற்கவில்லை.

"இம்புட்டு நேரமா அந்தப் புள்ள என்னத்த இடிக்குது?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்.

"வேலைக்கு அஞ்சாத வீடும்மா இது" என்றாள் அத்தை கூசாமல்.

சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மாள் குழம்பை மெச்ச, "எல்லாம் பொண்ணு கைப்பக்குவந்தான்" என்றார் அப்பா. அக்கா தலைகுனிந்தாள், மணப்பெண்ணின் நாணம் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணம் நடந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்த அக்காவுக்குப் பத்தியச் சோறு பொங்கியதும் ஆத்தாதான். ஆனால் பேரனை நீட்டியபோது அடுப்பங்கரை நிலையைத் தாண்டாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வேணாம் தாயி, ஒட்டிக்கும். அங்கனயே வச்சுக் காட்டு" என்றாள். அவன் நடப்பதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள்.

பல வருஷம் கழித்து அக்காவுக்கும் அதே இருமல் வந்தது. மதுரையில் டாக்டர் சளியைச் சோதித்தார், நெஞ்சைப் படமெடுத்தார், காசம் இல்லை என்றார். என்ன விறகு எரிக்கிறீர்கள், அடுப்பங்கரையில் ஜன்னல் உண்டா என்று விசாரித்தார். ஆத்தாவின் கதையையும் கேட்டுவிட்டு, அதுவும் புகை செய்த வேலையாகத்தான் இருக்கும், யாருக்கும் ஒட்டியிருக்காது என்றார்.

இன்று எங்கள் தெருவில் பருத்திமார் அடுக்கிய வீடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கேஸ் அடுப்பு. உலகத்தில் இன்னும் எத்தனையோ நாடுகளில் பெண்கள் அடுப்புப் புகையால் நெஞ்சு கெட்டுச் சாகிறார்கள் என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்கிறது. அன்று மதுரை ஆஸ்பத்திரி வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"அப்ப ஆத்தா எம்மகனத் தூக்கியிருக்கலாம்லடி?"