ஏலக்காய்க் கையும் வெள்ளிக் கம்பியும்

வெள்ளிக்கிழமைக்குள் நான் செய்யும் இரண்டு மின்முனைகளும் ஒத்துவராவிட்டால் என் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிவிடுவோம் என்று நெறியாளர் திங்கட்கிழமை சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏலத்தோட்டங்களில் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் மயில்துத்தத்தின் செம்பு, மழையில் கரைந்து ஓடைக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். அந்தத் தலைப்பை அடம்பிடித்து வாங்கியவள் நான்.

செம்பை அளக்க, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மின்னழுத்தம் மாறாத மின்முனை ஒன்று வேண்டும், தராசுக்குப் படிக்கல் மாதிரி. படிக்கல்லே தினம் ஒரு எடை காட்டினால் எதை நிறுப்பது? கடையில் வாங்கியது உடைந்துவிட்டது. புதிது வர மாதக்கணக்காகும் என்றார்கள். நானே செய்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. வெள்ளிக் கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, அமிலத்தில் முக்கி, வாலைவடிநீரில் கழுவ வேண்டும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நிறுத்திக் கொஞ்சமாக மின்சாரம் விட்டால், கம்பி மேல் வெள்ளி குளோரைடு கருஞ்சாம்பலாகப் படியும். அதை உப்புக் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இறக்கினால் மின்முனை தயார். இரண்டு செய்து ஒரே கரைசலில் வைத்தால், மீட்டரில் வித்தியாசம் ஒரு மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்குப் பன்னிரண்டு காட்டியது. மறுநாள் ஏழு, அப்புறம் பதினைந்து. பூச்சு சொறி பிடித்தது போலத் திட்டுத்திட்டாக இருந்தது.

மின்சாரத்தைத் திட்டினேன், அமிலத்தைத் திட்டினேன், கம்பி விற்றவரையும் விடவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

புதன்கிழமை, ஆய்வகத்தில் உதவிக்கு இருக்கும் அக்கா கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவர், மூக்கை உறிஞ்சினார்.

"என்ன தாயி, லேபுக்குள்ள பாயாசம் காய்ச்சுறியா? இம்புட்டு மணக்குது!"

"ஒங்க சோலியப் பாருங்கக்கா," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் விரலை முகர்ந்து பார்த்தேன்.

அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்ததிலிருந்து, அவர் கூலிக்குப் பொறுக்க வேண்டிய ஏலக்காயைத் தினமும் காலையில் நான்தான் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் போடியில் பாதிப் பெண்களின் கை இப்படித்தான் ஏலக்காய் மணக்கும். பழகிப்போனதால் எங்களுக்கு அந்த வாசம் தெரிவதே இல்லை. அமிலத்துக்கு மட்டும் கையுறை போடுவேன். கழுவியதும் கழற்றிவிட்டு, வளைந்த கம்பியை ஏலக்காய் எண்ணெய் ஒட்டிய வெறும் விரலால் நீவி நிமிர்த்துவேன். எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது என்று புத்தகத்தில் படித்தவள் செய்கிற காரியமா இது? வெட்கமாக இருந்தது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டும், வெரசா வேலையப் பாரு," என்றார்.

ஏலக்காயையும் விடப்போவதில்லை, தலைப்பையும் விடப்போவதில்லை என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை புதுக் கம்பிகளை எடுத்தேன். தேய்ப்பதிலிருந்து குழாயில் இறக்குவது வரை கையுறையைக் கழற்றவில்லை. கம்பியை இடுக்கியால் மட்டுமே பிடித்தேன். பூச்சு ஒரே சீராகப் படிந்ததைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இரவு முழுக்க இரண்டையும் கரைசலில் ஊறவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நெறியாளர் மீட்டர் முன்னால் வந்து நின்றார். அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அரை மணி நேரம் காத்திருந்தார், எண் நகரவில்லை.

"சரிம்மா. இனி ஓடைத் தண்ணி எடுக்க என்னைக்குப் போற?"

என் பையைத் திறந்தேன். மின்முனைகள் தேறுமா தேறாதா என்று தெரியாமலே, அன்று காலை தோட்டத்துக்கு ஆளேற்றும் முதல் ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி ஓடையில் நிரப்பிவந்த நான்கு பாட்டில்களையும் அவர் முன் வைத்தேன்.