ராசாத்தி அக்கா பங்கு வைத்த மாத்திரைகள்

ராகலைச் சந்தையில் முட்டைக்கோவாவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ராசாத்தி அக்காவின் மகள். "அம்மா போயிட்டாங்க சித்தி. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, வண்டி வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு." எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் நாங்கள் இருவரும் பன்னிரண்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்காவின் வாயைப் பற்றி நம் தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளின் பால்மா குறைவாக வந்ததென்று, தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப்பையே மறித்தவர். "புள்ளைங்களுக்குப் பேச வாய் இல்ல, எனக்கு இருக்கு" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு முதல் மாரடைப்பு வந்தது. கொலஸ்ட்ரோலைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. "மாத்திரை சாப்பிடுறதாலதான் குறைஞ்சிருக்கு, ஒருநாளும் விடக்கூடாது" என்று கிளினிக் நர்ஸ் மிஸி சிங்களத்தில் சொன்னார். அதைத் தமிழில் சொன்னவள் நான். "சரி, சரி" என்று அக்கா தலையாட்டினார்.

பஸ்ஸில் திரும்பும்போதே, "அதான் கொறஞ்சிருச்சே, இனி என்னத்துக்கு?" என்றார்.

நம் லயத்து வரிசை வீடுகளின் பழக்கம் தெரியும்தானே. சீனி, தீப்பெட்டி போல மாத்திரையும் வீட்டுக்கு வீடு போகும். கிளினிக் வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை. அதனால் ஒருவர் போனால் நாலு வீட்டுக்கு மருந்து. அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கிவிட்டு மிச்சத்தைப் பங்கு வைத்தார். "எனக்கு நல்லாத்தானே இருக்கு, பாவம் அதுகளுக்குத்தான் தலை சுத்துது." தலைசுற்றுக்கும் அந்த மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊருக்காகத் துரையிடம் சண்டை போட்டவருக்குத் தன் உயிருக்காக ஒரு மாத்திரையை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. செத்தவர் மேல் கோபப்படக் கூடாதாம். நான் படுகிறேன்.

என் மேலும்தான். மிஸி சொன்னதைச் சொன்ன இதே வாயால், உடம்பு பெருத்துவிட்டதென்று நானும் அக்காவிடம் அந்த மாத்திரையைக் கேட்டு வாங்கினேன்.

கருமாதியன்று பாத்திரம் கழுவிக்கொண்டே பக்கத்து வீட்டு சரோஜா மெதுவாகக் கேட்டாள்: "அக்காவோட மாத்திரை ஏதும் மிச்சம் இருக்குமா?"

"ஒண்ணும் இல்ல" என்று கத்தினேன்.

பொய். என் அலமாரியில் பதினொன்று இருக்கின்றன. அக்கா விழுங்காத பதினொரு நாட்கள். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான்.