நர்ஸம்மாவின் ஸ்கூட்டி

போன மாதம் ஒரு வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறக்க முடியாத அவஸ்தைதான்!

சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரும் காலை பஸ்ஸில் எனக்கு ஒரு சிநேகிதி. ஜெயா என்று வைத்துக்கொள்ளுங்களேன். திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. அன்று பஸ் கிளம்பியதும் என்னைத் தாண்டி ஜன்னலுக்குப் பாய்ந்தாள். வாந்தி... எனக்குப் புரிந்துவிட்டது.

“எத்தனை மாசம்டீ?”

“பதினோரு வாரம் முடிஞ்சிருச்சுக்கா. யார்ட்டயும் சொல்லிராதீக. மூணு மாசம் தாண்டாம மூச்சு விடக்கூடாதுன்னு எங்க அத்தை சொல்லியிருக்காக.”

“நர்ஸம்மாகிட்டயாவது சொன்னியா?”

“டவுன்ல ஒரு டாக்டரம்மாட்ட காட்டிட்டேன். நர்ஸம்மாவா? அவுக ஸ்கூட்டி எங்க வாசல்ல நின்னாலே தெரு பூராம் தெரிஞ்சிருமேக்கா!”

எனக்குப் பகீரென்றது. அரசாங்கத்தின் மகப்பேறு உதவித்தொகையில் முதல் தவணை வாங்க வேண்டுமென்றால், பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம நர்ஸிடம் பதிந்திருக்க வேண்டும். இந்த வீட்டிலோ பன்னிரண்டு வாரம் தாண்டித்தான் வாயையே திறப்பார்கள்! நடுவில் இருப்பது ஏழே நாள்.

அடுத்த நான்கு நாளும் நான் காலண்டரைப் பார்த்தேன். செல்போனைப் பார்த்தேன். மறுபடி காலண்டர். நானே நர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாமா? அவள் கேட்டுக்கொண்டதை மீறுவதா, பணத்தைக் கோட்டை விடுவதா? நமக்கெதற்கு என்று சும்மா இருக்கிற சுபாவம்தான் எனக்குக் கிடையாதே.

ஞாயிற்றுக்கிழமை, தேங்காய் வாங்கும் சாக்கில், தென்னந்தோப்பு வைத்திருக்கும் அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன். ஜெயாவின் மாமியார் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தை ஆரம்பித்ததுமே மருமகளை ஒரு முறை முறைத்தார்.

“சொல்லிட்டியா?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “போன தடவ நர்ஸம்மா வந்து எழுதிட்டுப் போனாக. மறுநாளே மாதுளம்பழமும் கையுமா தெருவே வந்துச்சு. பத்தே நாள்ல கலைஞ்சு போச்சு. அதே தெரு துக்கம் கேக்கவும் வந்துச்சு. ஒவ்வொருத்திக்கும் இவ முதல்லருந்து சொல்லி அழுதா. இன்னொரு வாட்டி அதப் பாக்க என்னால ஏலாது தாயி.”

மூடநம்பிக்கை பற்றி ஒரு நீண்ட பிரசங்கம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். வெட்கமாக இருந்தது.

பேசியது ஜெயாதான். “அத்தை, கடையில நாள் பூராம் நின்னே கெடக்கேன். அந்தப் பணம் வரும்னா இப்பவே லீவு சொல்லிட்டு வீட்ல இருப்பேன். கண்ணு படுறது கெடக்கட்டும், என் காலு தாங்கலையே...”

மாமியார் இரண்டு தேங்காயை என் பையில் போட்டார். அதற்குமேல் அங்கே நிற்க முடியுமா?

திங்கள், ஜெயா பஸ்ஸில் இல்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. செவ்வாய்... கடைசி நாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போனபோது அவளே கூப்பிட்டாள்.

“அக்கா, பதிஞ்சாச்சு!”

பிரஷர் மாத்திரை வாங்கப் போகிறேன், துணைக்கு மருமகள் வருகிறாள் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் மாமியார் கிளம்பினாராம். சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் எங்க வாசலுக்கு வந்துராதீக தாயி, நாங்களே வாரோம்” என்றாராம். நர்ஸம்மா சிரிக்கவில்லை. “வராம முடியாதும்மா. வண்டிய ரேஷன் கடைகிட்ட நிறுத்திட்டு நடந்து வாரேன்” என்றாராம்.

எந்த அரசாணையிலும் இல்லாத சலுகை! உதவித்தொகையை அறிவிப்பவர்கள் வாரக் கணக்குப் பார்க்கிறார்கள். வாங்குகிற வீட்டில் போன தடவை அழுத கணக்கு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், ஒரு ஸ்கூட்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தத் தெரிந்த ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

இதை அன்றைக்கே எழுதிவிட்டேன். பத்திரிகைக்கு அனுப்பாமல் மேசை டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். மூன்று மாதம் தாண்டி, மேலும் பத்து நாள் போன பிறகுதான் அனுப்பினேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதுதான்... இருந்தாலும் நீங்கள் இத்தனை பேர் படிக்கிறீர்களே!