கருப்பட்டி வியாபாரிக்குச் சர்க்கரை

நாகலாபுரத்தில் துக்கம் கேட்கப் போன என் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று கரிசல் சேற்றில் சிக்கிக்கொண்டதாம். அது கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன். பாதம் கொஞ்ச நாளாகவே மரத்துக் கிடக்கிறது என்று அவர் சொன்னதும் பயம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோவில்பட்டியில் எங்களுக்குக் கருப்பட்டிக் கடை. ஓலைப் பெட்டியைப் பிரித்ததும் எழும் அந்த வாசனையை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது, கொலஸ்ட்ராலும் (ரத்தக் கொழுப்பு) கூடவே. சர்க்கரை மாத்திரையோடு ஸ்டாட்டின் (ஈரலில் கொழுப்பு உருவாவதைக் குறைக்கும் மருந்து) எழுதினார் டாக்டர். மக்னீசியம் (நரம்புக்கும் தசைக்கும் வேண்டிய தாது உப்பு) குறைவாக இருந்ததால் அதற்கும் ஒரு மாத்திரை. அடிக்கடி சிறுநீர் போவதில் அதுவும் சேர்ந்து போய்விடுமாம்.

கொழுப்பு இறங்கியது. ராத்திரியில் அவருக்கு வரும் கெண்டைக்கால் இழுப்பும் நின்றது. சர்க்கரை மட்டும் அசையவில்லை.

"இப்படியே போனா காலுக்கு ஆபத்து அண்ணாச்சி" என்றார் டாக்டர்.

நான் காப்பியில் இனிப்பை நிறுத்தியிருந்தேன். சோற்றையும் குறைத்து மனுஷனை அரைப்பட்டினி போட்டேன்.

ஒரு தடவை கிளம்பும்போது, வீட்டுக்கு நல்ல கருப்பட்டி வேண்டும் என்று டாக்டர் கேட்டார். இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கண்ணை மூடிட்டு வாங்கலாம். பெட்டிக்குப் பெட்டி நாக்குல வச்சுப் பாக்காம நான் சரக்கு எடுக்கதில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தினமுமா?"

"சீசன்ல தினமும்தான். அது திங்கது இல்லையே, ருசி பாக்கதுதான?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. சீனி கலந்த கருப்பட்டியை அவர் நாக்கு உடனே பிடித்துவிடும், அதை நம்பித்தான் கடையே ஓடியது. தொழிலைச் சாப்பாட்டில் சேர்க்க அவருக்கு எப்படித் தோன்றும்?

"நீங்க ஒரு பக்கம் ஏத்துதீங்க. மாத்திரை தனியா என்ன செய்யும்?" என்றார் டாக்டர்.

அதன்பின் அவருக்குப் பதில் ருசி பார்க்க நான் கடையில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, கடைசியில லேசா கரிக்குதா?" என்று பக்கத்தில் நின்று கேட்பார். கரித்தால் அசல். என் நாக்கு பழகச் சில சீசன் ஆனது. சர்க்கரை மெல்ல இறங்கியது. பாதத்தில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் கால் தப்பியது.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எந்த மாத்திரையையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள், நிறுத்தாதீர்கள். என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முன்பு எங்களுக்குப் பதநீர்க் காலம், மற்ற காலம் என்று வருஷத்துக்கு இரண்டே பொழுது. இப்போது சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று நாள்தோறும் பொழுது பிரிகிறது. புதுச் சரக்கு வந்தால் இன்றும் நான்தான் ஒரு துணுக்கை வாயில் போடுகிறேன். எச்சில் விழுங்குவது அவர்.