குளோரினுக்கு முன்னால் வைத்த மூன்று

எங்கள் வீட்டில் தட்டில் மூன்று தோசை விழாது. வைத்தால் வீட்டில் யாராவது ஓர் ஆளுக்கு ஆகாது என்பது அம்மாவின் சட்டம். மூன்று கேட்டால் நாலாவதில் ஒரு விள்ளலாவது கூடவே வரும். இந்தச் சட்டம் வேதியியலுக்குள்ளும் நுழையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மா அப்போது தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிக்கொண்டிருந்தார். அறிவியல் மட்டும் பாக்கி. தேறினால் எம்.ரெட்டியபட்டியில் காலியாக இருந்த சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுக்கப் போவதுதான். ஒன்பதாவது படித்த நான்தான் வாத்தியார். கையில் பிரம்பு இல்லாததுதான் குறை.

சோடியமும் மெக்னீசியமும் அம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ‘மெக்னீசியம் + குளோரின் → மெக்னீசியம் குளோரைடு’ என்று சொல்லில் எழுதி, கீழேயே Mg + Cl₂ → MgCl₂ என்றும் எழுதிவிடுவார். அலுமினியத்தில்தான் வண்டி நின்றது. 2Al + 3Cl₂ → 2AlCl₃ என்று நான் சமப்படுத்திக் காட்டினால், அவர் எல்லாவற்றையும் இரட்டித்து 4Al + 6Cl₂ → 4AlCl₃ என்று எழுதினார்.

“முன்னால மூணு வேணாம்த்தா.”

“அலுமினியம் குளோரைடுக்குள்ளயே ஒரு மூணு இருக்கேம்மா?”

“அது கூடப் பொறந்தது, நாம என்ன செய்ய? முன்னால வைக்கிறது நம்ம கையால வைக்கிறதுல்ல. ரெண்டு பக்கமும் சரியாத்தான இருக்கு, எண்ணிப் பாரு.”

எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அந்தக் கோபத்தில், சுருக்கி எழுதாவிட்டால் மார்க்கு போய்விடும், பருத்தி எடுக்கத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

தேர்வன்று அருப்புக்கோட்டைக்குத் துணைக்குப் போனேன். வெளியே வந்தவரிடம் முதலில் கேட்டதே அலுமினியத்தைத்தான்.

“வந்துச்சு. மூணுதான் வச்சேன்” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா தேறியதும் வேலை கிடைத்ததும் பிறகு நடந்தவை. அன்றைக்கே நான் ஜெயித்துவிட்டேன்.

அம்மா அப்பாவுக்குப் போன் போட்டு, “இன்னைக்கு வண்டிய எடுக்காதீக. பஸ்ஸுலயே வாங்க” என்றார். என் கையைப் பிடித்துத்தான் ரோட்டைக் கடந்தார். பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் விடாமல் உள்பக்கம் உட்காரவைத்தார். ஊர் வரும்வரை கையை விடவேயில்லை. பாடம் சொல்லிக் கொடுத்த மகள்மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சத்தோடு நானும் கையைக் கொடுத்திருந்தேன். பிரியம்தான். ஆனால் அந்தக் கை ஏன் அப்படி வியர்த்துக் கிடந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.