பூங்காவுக்கு இரண்டு பூட்டு

எங்கள் வீட்டுக்காரர் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். ஓடி வருகிற ஆளை விட்டுவிட்டு ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. அதனால் தினமும் தாமதம், தினமும் டிப்போவில் திட்டு. ஊரே அவருக்குப் பழக்கம், மேலதிகாரிக்கு மட்டும் ஆகாது. ஓய்வு பெற்ற கையோடு நெஞ்சில் ஆபரேஷன் ஆயிற்று. தினமும் நடந்தே ஆகவேண்டும், அதுவும் வண்டி நெரிசலில் கூடாது என்றார் டாக்டர்.

அப்படி நடக்க ஒரே இடம், எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் நடுவில் இருக்கிற பூங்கா. தெருவுக்கு ஒரு கேட். பின்தெருப் பிள்ளைகள்தான் ஊஞ்சலை உடைத்தன என்று எங்கள் ஆட்கள் போய் அவர்கள் கேட்டைப் பூட்டினார்கள். மறுநாளே அவர்கள் வந்து எங்கள் கேட்டைப் பூட்டினார்கள். அவர்கள் கேட்டின் சாவி எங்களிடம், எங்கள் கேட்டின் சாவி அவர்களிடம். இப்படி ஒரு புத்திசாலித்தனத்தை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. உள்ளே போகவேண்டுமென்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு எதிராளி தெருவுக்குப் போய்த் திறக்கவேண்டும். மானம் போய்விடுமாம், இரு தெருவிலும் ஒருவரும் போகவில்லை. புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது.

இவருக்குத்தான் ரோஷம் என்ற ஒன்றே கிடையாதே. எங்கள் தெருக் கமிட்டிச் செயலாளரிடம் கெஞ்சிச் சாவி வாங்கி, தினமும் சுற்றிப் போய்த் திறந்து நடந்தார். பின்னாலேயே அந்தத் தெருவும் உள்ளே நுழைந்தது. செயலாளர் என்னிடம் வந்து, "நம்ம சாவியை வாங்கிட்டுப் போய் அவங்களுக்குத் திறந்து விடுறாரும்மா உங்க வீட்டுக்காரர்" என்றார்.

"அவர் உயிரோட இருக்கிறதுக்கு நடக்கிறார் சார், உங்களுக்கு எதிரா ஊர்வலம் போகலை" என்றேன்.

ஒரு நாள் காலை பூங்காவுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்தெரு ஒடுக்கமான சந்து, ஆம்புலன்ஸ் நுழையாது. அந்தத் தெருத் தையல்காரம்மாவும் மெக்கானிக்கும் அவரைத் தாங்கிப் பிடித்து எங்கள் கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்குப் போன் போட்டதும் அவர்கள்தான். ஆம்புலன்ஸும் எங்கள் தெருவில் வந்து நின்றது. கேட்டில் பூட்டு. சாவியை வைத்திருந்த பின்தெருப் பொருளாளர் வேலைக்குப் போய்விட்டார்.

கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கம்பிக்குள் கையை விட்டு அவர் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. "திட்டாதே, மூச்சு முட்டுது" என்றார். நான் இன்னும் திட்டவே ஆரம்பிக்கவில்லை. என் தலைக்கு மேலே எங்கள் செயலாளரும் பின்தெருக்காரர் ஒருவரும், முதலில் பூட்டியது யார் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். வீடு பற்றி எரிகிறபோது சுருட்டுக்கு நெருப்புக் கேட்கிற கதைதான்.

"யார் பூட்டினா என்னய்யா, என் புருஷன் சாகக் கிடக்கிறார். கேட்டைப் பிடுங்குங்க" என்று கத்தினேன்.

"கமிட்டியைக் கேக்காம எப்படிம்மா" என்றார் செயலாளர்.

அதற்குள் மெக்கானிக் ஓடிப் போய் ஸ்பானரோடு வந்து கீலைக் கழற்ற ஆரம்பித்தார். அந்தப் பக்கம் நாலு பேர், இந்தப் பக்கம் நாலு பேர் சேர்ந்து கேட்டைத் தூக்கினார்கள். செயலாளரும் முணுமுணுத்துக்கொண்டே ஒரு மூலையைப் பிடித்தார்.

மனுஷர் பிழைத்துக்கொண்டார். இப்போது வாசலில் இறங்கி நேரே பூங்காவுக்குள் போகிறார். நாலு எட்டு வைத்தால் யாராவது நிறுத்திப் பேசுகிறார்கள், நடந்த மாதிரியே இல்லை. கேட் எங்கள் மதிலில் சாய்ந்து துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் திரும்ப மாட்டுவது எந்தத் தெருவின் பொறுப்பு என்று இரண்டு கமிட்டியும் கூடிக் கூடிச் சண்டை போடுகின்றன, இன்னும் முடிவாகவில்லை. இவர் இருக்கிற வரைக்கும் அது முடிவாகவே கூடாது என்று நான் தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன்.