எல்மர் திருத்தி அனுப்பிய அட்டை

டிசம்பர் பிறந்தால் எல்மர் ட்ராக்ஸ்லர் சிவப்புப் பென்சிலைச் சீவத் தொடங்கிவிடுவார். எங்கள் ஒஹாயோ ஊர்க் கடைக்காரர்கள் அனுப்பும் விளம்பரத்தில் கிறிஸ்துமஸைச் சுருக்கி ‘எக்ஸ்மஸ்’ (Xmas) என்று போட்டிருந்தால் போதும், அந்த எக்ஸை வட்டமிட்டு, ‘கிறிஸ்து எங்கே?’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். தபால்காரனான நான்தான் அத்தனையையும் சுமந்தேன்.

“சாமி இல்லேங்கிறவன் செஞ்ச வேலை இது, டுவேன். அவரு பேரையே அடிச்சிட்டு அவரு பிறந்தநாளக் கொண்டாடுறானுங்க!” என்பார். முடிவெட்டும் கஸ் என்பவரோ, அச்சுக்கோப்பவர்களின் சோம்பேறித்தனம் என்று அடித்துச் சொல்வார்.

மனைவி போனபின் எல்மருக்கு எஞ்சியது மகள் நோரீன் மட்டுமே. சிகாகோவில் ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன் பண்டிகைச் சாப்பாட்டில் அவள் வாயைத் திறந்தாள்.

“அப்பா, எக்ஸ்ங்கிறது கிரேக்கத்துல கிறிஸ்து பேரோட முதலெழுத்து. அந்தக் காலத்துத் துறவிங்களே அப்படித்தான் எழுதினாங்க.”

“எனக்கே வேதம் சொல்லித் தர்றியா? படிச்ச திமிரு!”

வான்கோழியை அறுக்கும் முன்பே அவள் காரில் ஏறிவிட்டாள். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

போன டிசம்பரில் அவளிடமிருந்து ஓர் அட்டை வந்தது. உறையில்லாத அட்டை, படித்துவிட்டேன். கோணல்மாணலாக ஒரே வரி: ‘அப்பா, எக்ஸ்மஸுக்கு வரட்டுமா?’

மறுநாள் எல்மர் அதே அட்டையை ஓர் உறைக்குள் செருகி நீட்டினார். அதில் எக்ஸைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

“வேணாம் எல்மர். வான்னு ஒரு வார்த்தை எழுதுங்க.”

“உன் வேலை தபாலக் கொண்டுபோறது. அதப் பாரு.”

கொண்டுபோனேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பண்டிகைவரை தினமும் அவர் தபால் பெட்டியருகே பனியில் நின்றார். எதுவும் வரவில்லை.

பிப்ரவரியில் நோரீன் இறந்தாள். அடக்கம் முடிந்து எல்மரையும் நோரீனின் கணவர் வேட் என்பவரையும் நான்தான் எல்மர் வீட்டுக்கு அழைத்துவந்தேன். அப்போதுதான் வேட் சொன்னார்: கோடையிலேயே பக்கவாதம் வந்து நோரீனுக்குப் பேச்சும் வலது கையும் போய்விட்டன. அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று தடுத்துவிட்டாள்.

“இடது கையால ஒரு மணி நேரம் எழுதினா. கிறிஸ்துமஸ்னு நீளமா எழுத முடியல. நான் எழுதித் தர்றேன்னாலும் விடல. அது திரும்பி வந்ததும், அப்பா வரவேணாம்னுட்டார்னு சைகை காட்டி அழுதா.”

“வேணாம்னு நான் எங்க சொன்னேன்? சரியா எழுதி அனுப்புன்னுதானே…”

எல்மர் எழுந்து மகளின் அறைக் கதவைத் திறந்தார். கட்டிலில் மடிப்புக் கலையாத புது விரிப்பு.

“அட்டை வந்த அன்னிக்கே போட்டுட்டேன்,” என்றார்.